நிறம் வராத குழிகள்

தலைவாசலில் என் தம்பி
மக்காச்சோளக் குருத்தைப் பிரித்துப்
படைப்புழுவை நசுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்
சேலத்தில் நான்
அதே புழுவின் செல்களுக்குச் சோறு வைக்கிறேன்.

இருபத்தேழு டிகிரி கேட்கும். வெளியே நாற்பது.
ஏற்காட்டில் ஒரு துண்டைப் பெயர்த்துப்
பெட்டிக்குள் வைத்ததுபோல அதற்கொரு குளிர்.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் முதலில் அதற்குத்தான்,
எங்கள் மின்விசிறி அப்புறம்.

"வெதக்காசே திரும்பல. நீ அதுக்கு ஏசி போட்டு வளக்கறியாக்கா?"

பூபதிக்கு எப்படிச் சொல்ல?
புழுவைக் கொல்லும் வைரஸ் ஒன்று உண்டு.
அது தொற்றிய புழு செடியின் உச்சிக்கு ஏறித்
தலைகீழாகத் தொங்கிக் கூழாய் ஒழுகும்.
அந்த வைரஸ் தனக்கென்று படிகத்தில் வீடு கட்டும்.
வீட்டின் வரைபடத்தை உருவிவிட்டு
நீலநாக்கு நோயின் ஒரே ஒரு வரியை
அங்கே செருகிவிட்டோம்.
பாவம், வீடென்று நினைத்து
அதையே கட்டுகிறது, கட்டுகிறது,
செல் வெடிக்கும்வரை.

நோயல்ல அது. நோயின் சட்டை.
தட்டின் குழிகளில் பூசி வைத்திருக்கிறேன்.

மேச்சேரியிலிருந்து பாவாயியின் ஆடுகள்
ஐஸ் பெட்டியில் ரத்தமாக வந்தன.
முப்பத்தொரு குப்பி.
மழைக்குப் பின் சிலதுக்கு வாய் வீங்கியதாம்.
எண் எழுதச் சொன்ன இடத்தில் பெயர்:
செவலச்சி, மொட்டைக்காது, கடன்காரி.

சோதனை இவ்வளவுதான்.
புது பஸ் ஸ்டாண்ட், கடைசி வண்டி.
நோய் கண்ட ஆட்டின் ரத்தம்
முன்பே ஏறித் துண்டு போட்டிருக்கும்.
நான் அனுப்பும் ஆளுக்கு இடமிருக்காது,
கழுவும்போது இறங்கிவிடுவான்.
அவன் உட்கார்ந்தால்தான் நிறம்.

அமிலம் விட்டேன். நீலம் மஞ்சளானது.
பத்தொன்பது மஞ்சள்.
பன்னிரண்டில் வெறும் தண்ணீர்.
கடன்காரி தண்ணீரில்.

"சாவுமா பொழைக்குமா கண்ணு?"

பிழைத்துவிட்டது, பாவாயி.
வந்த நோயை நின்று பார்த்த ரத்தம் அது.
நிறம் வந்ததுகளுக்குத்தான் ஊசி போடணும்.

"அப்ப நல்லா இருக்கறதுக்குத்தான் ஊசியா?"
கொஞ்ச நேரம் ஆடுகள் மட்டும் கத்தின போனில்.

கையுறையைக் கழற்றும்போது
பூபதியிடமிருந்து ஒரு படம்.
சோளத்தின் உச்சி. தலைகீழாய்த் தொங்கும் புழு.

"இது என்னக்கா,
நான் இன்னும் மருந்தே அடிக்கலயே?"