நாற்பத்தைந்தாம் நாள்

விதையில்லை என்பது பொய்.
விதை வந்துகொண்டுதான் இருந்தது,
பாதி வழியில் யாரோ விளக்கை அணைத்துவிட்டார்கள்.
நீங்கள் தின்னும் பச்சைத் திராட்சையை
நடுவில் கடித்து நிறுத்தினால்
நாக்குக்குத் தெரியும்
எள்ளிலும் சிறியதாய், மெத்தென்று ஒன்று.

விளக்கு அணையுமுன் போய்ச் சேர வேண்டும்.
எங்கள் கொடிக்கு அது
பூத்த நாற்பத்தைந்தாம் நாள்.

அல் ஐன் பண்ணை, மூன்றாம் வலைக்கூடம்.
மே மாதம் பறித்தோம்.
பாயிந்தா கான் கூடை பிடித்தான்.
காயைப் பிளந்து, சூலை எடுத்து,
அகர் கூழில் வைத்து, தாள் சுற்றி
எட்டு வாரம் இருட்டு.
மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

இன்று ஜூலை.
வெளியே நாற்பத்தெட்டு, உள்ளே இருபத்துநான்கு.
நுண்ணோக்கியின் கீழ் கீறுகிறேன்.
காலி.
காலி.
பழுப்புத் தண்ணீர்.
காலி.
பக்கத்தில் மெர்லிண்டா கணக்கு வைக்கிறாள்,
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நூற்றெழுபதாவதில்
இதயம் போல் ஒரு வெள்ளை.
உவமை என்னுடையதல்ல,
பாடப்புத்தகத்தில் அந்தப் பருவத்துக்கு அதுதான் பெயர்.
இதயத்துக்கு அடுத்தது டார்பிடோ.
அதுவரை போனவை நான்கே நான்கு.
மூச்சை அடக்கித் தூக்குகிறேன்,
சாமணம் நடுங்கினால் மூன்று.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
தாய் விதையில்லாதது, தகப்பனும் அப்படியே.
இத்தனை பாடுபட்டு நாங்கள் பிழைக்க வைப்பது
தன் கருவைத் தானே
கைவிடப்போகிற ஒரு கொடியை.
கைவிட்டால் அதற்குப் பெயர் வைப்பார்கள், காப்புரிமை வாங்குவார்கள்.
கைவிடாவிட்டால் பிடுங்கிப் போடுவார்கள்.
டாக்டர் இத்ரீஸிடம் கேட்டேன்.
"கரு பிழைத்தால் உனக்குச் சம்பளம்,
அதன் கரு பிழைக்காவிட்டால் எனக்கு" என்றார்.
சிரிக்கவில்லை.

காலியானவற்றை ஆட்டோகிளேவில் ஏற்றிவிட்டு
பின்கதவைத் திறந்தேன்.
ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில்
ஏதோ பச்சை.
குளிரறையில் யாரோ மறந்துபோன
நான்கு மாதப் பழைய குலையொன்றை
பாயிந்தா கான் பிப்ரவரியில் அங்கே வீசியிருக்கிறான்.
"எங்கள் சமன் பக்கத்துப் பழம் மாதிரி, சார்,
வாய் நிறையக் கொட்டை."

மெர்லிண்டா பேனாவும் ஒட்டுத்தாளுமாய் வந்து நின்றாள்:
எந்தக் கலப்பு, எந்தத் தேதி?
யாருக்கும் தெரியவில்லை.

நான்கு இலை.
குறுக்கே ஒரு பற்றுக்கம்பி,
சூடான குழாயைப் பிடித்துக்கொண்டு.