மரை கழண்டவன்

அரைக்கால் திருப்புப் போதும், ஓர் எஞ்சின் சாக.
போல்ட் முழுக்கக் கழன்று விழ வேண்டியதில்லை.
பிடி தளர்ந்தால் சரி. மிச்சத்தை
அதிர்வு பார்த்துக்கொள்ளும்.

இந்த ஹில்மன் அப்படிச் செத்ததுதான்.
தாத்தோன் சாலையில், ஆடி மழையில்,
நாலாவது கனெக்டிங் ராடு
பிளாக்கின் விலாவை உடைத்துக்கொண்டு
வெளியே எட்டிப் பார்த்தது.
பத்து வருஷம் அதற்குள் கோழி அடைந்தது.
பிறகு பல் டாக்டர் டோ கின் எய் வாங்கினார்.
மோல்மீனில் எங்கள் ஷெட்டுக்கு லாரியில் ஏற்றி அனுப்பி,
"ஆடுகிற பல்லை வைத்துக் கட்டித் தராதீர்கள்" என்றார்.

ரங்கூன் பக்கத்துச் செங்கல் சூளையில்
தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இன்னொரு ஹில்மன் எஞ்சின்.
அதன் பிளாக்கைப் பிடித்தோம்.
பழையதைப் பிரித்தால் சிரிப்பு வந்தது:
ஒரு போல்ட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு,
ஒன்றில் சைக்கிள் டியூப் துண்டு.
நாலாவதில் மட்டும் முறைப்படி மடக்கு வாஷர்,
ஆனால் ஒருமுறை மடித்த காதை
நிமிர்த்தி, மறுபடி மடித்தது.
இரும்பு மறக்காது. இரண்டாம் மடிப்பில் ஒடிந்திருந்தது.

கோ மியின் தகடு வெட்டிப் புதிதாக எட்டு செய்தான்.
மரையைப் பெட்ரோலில் கழுவி,
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு,
டார்க் ரென்ச் 'டக்' என்னும்வரை முறுக்கி,
வாஷரின் காதை உளியால் தட்டி
போல்ட் தலையின் தட்டைப் பக்கத்தில் ஒட்ட மடக்க வேண்டும்.
கடைசியாக என் மைத்துனி பிலோமினாவின்
சிவப்பு நெயில் பாலிஷ்:
தலையிலிருந்து மூடிவரை ஒரே கோடு.
கோடு முறிந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.
அதற்குமேல் அந்தக் கோட்டுக்கு எதுவும் தெரியாது.

முடோன் வரை, தன்பியூசயா வரை,
ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே
ஐந்நூறு மைல் ஓட்டினேன்.
எஞ்சின் முணுமுணுக்கக்கூட இல்லை.
திரும்பி வந்து, அட்டை விரித்துப் படுத்து,
எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினோம்.

ஏழு காதுகள் மடங்கியிருந்தன.
எட்டாவது நிமிர்ந்து நின்று
கேட்டுக்கொண்டிருந்தது.
அதன் சிவப்புக் கோடு
ஒரு மயிரிழை விலகி, இரண்டாய்.

"மரை கழண்டவனாடா நீ?"
கோபத்தில் தமிழில்தான் வந்தது.
பத்தொன்பது வருஷமாகக் கூட வேலை செய்கிறான்.
அவனுக்கா புரியாது?
பதில் சொல்லாமல் டார்ச்சை நெருக்கிப் பிடித்தான்.

முதல் ஏழு கோடுகள் ஸ்கேல் வைத்து இழுத்தவை, அவன் கை.
எட்டாவதில் பாலிஷ் வழிந்து
துளியாய் உறைந்திருந்தது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் இழுத்த கோடு.
அன்று ஏழாவதோடு கரண்ட் போனது.
அவன் மழையில் டீசல் வாங்கப் போயிருந்தான்.
ஒன்றுதானே என்று நான் உட்கார்ந்தேன்.
கையால் முறுக்கினேன், பிறகு ரென்ச் வைப்பதாக.
பிறகு என்னவோ தூரிகைதான் கையில் இருந்தது.

டார்ச் நகரவில்லை.
எண்ணெய் என் புருவத்தில் ஒரு சொட்டு விட்டது.
அடுத்த சொட்டுக்குள்
ரென்ச்சை என் உள்ளங்கையில் வைத்தான்.

புது போல்ட். புது வாஷர்.
டக்.
உளி.
மிச்ச ஏழையும் அவனே தொட்டுப் பார்த்தான்,
என்னைப் பார்க்காமல்.

இரண்டு நாள் ஏன் தாமதம் என்று டாக்டர் கேட்டார்.
"ஒன்று ஆடியது" என்றேன்.
யார் மாட்டியது என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
பில்லில் ஏழு வாஷருக்குத்தான் விலை போட்டேன்.

பிலோமினா பாலிஷைத் திருப்பிக் கேட்கிறாள்.
தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.
சட்டைப் பையில்தான் இருக்கிறது.