கேள்வி வளைகோடு

மன்ஹைமின் நடுவே தெருக்களுக்குப் பெயரில்லை.
எழுத்தும் எண்ணும்தான்.
யாரோ நகரத்தை வரைபுத்தாளில் வைத்து
சதுரம் சதுரமாய் வெட்டியிருக்கிறார்கள்.
வழி கேட்டால் ஆள்கூறு சொல்வார்கள்.
வந்த புதிதில் கியூ மூன்றில் தொலைந்து நின்று அழுதவள்
இருபது வருடம் கழித்து
எல் ஏழில் பொருளியல் படிக்கிறேன்.

முதல் பட்டம் இரசாயனம்.
ரைனுக்கு அக்கரையில், சாயம் மணக்கும் ஆய்வுகூடத்தில்
அது இன்னும் சோறு போடுகிறது.
ஆகவே இது இரண்டாவது,
இரண்டாவதுக்குத் தனிக் கட்டணம்,
தவணைக்கு அறுநூற்றைம்பது யூரோ.
கந்தோர்ப் பெண் பற்றுச்சீட்டை நீட்டியபடி கேட்டாள்:
ஏன் இன்னுமொன்று?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
இருவருக்கும் ஆறுதல்.

ரமணீதரன் வேறு மாதிரிக் கேட்டார்.
"முடிக்கேக்க உனக்கு நாற்பத்தேழு."
"முடிக்காட்டியும் நாற்பத்தேழுதான்."
அவர் சிரிக்கவில்லை.
பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

உண்மையான காரணம்
செல்வமலர் அக்கா வீட்டுச் சீட்டு.
இருபது பேர், மாதம் இருநூறு.
அந்த ஞாயிறு மேகலா
எண்ணூறு கழிவுக்குக் கேட்டு எடுத்தாள்.
நாலாயிரத்தில் எண்ணூறு!
என்னத்துக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.
ரோல்ஸ் தட்டு மட்டும் கைமாறிப் போனது.
அவளுடைய அவசரத்தில்
என் பங்கு நாற்பது யூரோ.
அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
அடுத்த கிழமை விண்ணப்பம் போட்டேன்.

முதல் நாள் நான் உள்ளே போனதும்
வகுப்பு வாயை மூடியது, பேனாவை எடுத்தது.
நான் மூன்றாம் வரிசையில் போய் இருந்தபோது
பத்தொன்பது வயதுகள் மூச்சுவிட்டன.
பேராசிரியர் பிறகுதான் வந்தார்.
எல்லாத் தேற்றத்தையும் அவர்
"ஏனையவை மாறாதிருக்க" என்று தொடங்குவார்,
லத்தீனில், கண்ணை மூடிக்கொண்டு.
என் ஏனையவை:
கிழமைக்கு மூன்று இரவு வேலை,
மகளின் பல்லுக்குக் கம்பி,
வவுனியாவில் பொருளியல் படிப்பிக்கும் தங்கச்சி
அலைபேசியில் படமெடுத்து அனுப்பும் பாடக்குறிப்பு.
மாதிரி கொதித்து வடியும் வரை
அதைத் தமிழில் வாசிப்பேன்,
பகலில் ஜெர்மனில் மறப்பேன்.

பரீட்சையில் நாற்பத்து மூன்று.
தேவை நாற்பத்தைந்து.

விடைத்தாள் பார்க்க இருபது நிமிடம் தந்தார்கள்.
எதிரே தோர்பென், திருத்தியவர்,
தாடி இன்னும் முழுதாய் வராதவர்.
சரியும் கோட்டின் நுனியில் நான் எழுதியிருந்தது: கே.
ஏறும் கோட்டில்: நி.
இரண்டையும் சுற்றிச் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இது என்ன எழுத்து?"
"கே. கேள்வி.
சாமான் வாங்க நினைப்பதற்கு எங்கள் பாடத்தில் அதுதான் பெயர்."
"அப்படியென்றால்?"
"ஃப்ராகெ."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு "நாக்... ஃப்ராகெ" என்று
பிறந்தது முதல் சொல்லிவந்த சொல்லை
பாணைப் பிய்ப்பதுபோல் பிய்த்துப் பார்த்தார்.
"மற்றது?"
"நிரம்பல்."
அதற்கு ஜெர்மன் வரவில்லை.
இல்லாத குவளையொன்றில் இல்லாத தண்ணீரைக்
கையால் உயர்த்திக் காட்டினேன்.

ஒரு புள்ளி போட்டார்.
இன்னொன்றுக்காக இருவரும் தாளைப் புரட்டினோம்.
மற்றப் பக்கங்களில் என் பிழைகள் எல்லாம்
தெளிவான ஜெர்மனில் இருந்தன.

இந்த ஞாயிறு சீட்டு வீட்டில்
மேகலாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்,
ஒன்றரை வருடம் பிந்தி,
அன்றைக்கு என்னத்துக்கடி எடுத்தனி?
"காருக்கு" என்றாள்.
"பழைய ஓப்பல். கியர்பெட்டி போட்டுது. ஏன்?"

இவ்வளவு நாளும் நான்
அவளுக்கொரு நோயை வைத்திருந்தேன்.

மறுபரீட்சை ஆகஸ்டில்.
ரோல்ஸ் இன்னொன்று எடுத்தேன்.