ஏழாவது டேக்

கானாடுகாத்தானில் ஒரு வீட்டை
நாலு நாள் வாடகைக்குச் சிறையாக்கியிருக்கிறார்கள்.
உக்ராண அறைக்குக் கம்பி வைத்து
ஆத்தங்குடிக் கல்லின் பூவைச் சாக்கால் மூடி
சுவரை அழுக்காக்க நேற்று முழுக்கத்
தேயிலைத் தண்ணீர் அடித்தார்கள் பையன்கள்.
முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுவர்.
வழிந்து போனது, ஒரு கறை நிற்கவில்லை.
கடைசியில் தட்டி வைத்து மறைத்து
தட்டிமேல் அழுக்கை வரைந்தார்கள்.

எனக்கு வார்டர் வேஷம்.
அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
மீசைக்காக என்னைப் பிடித்தார் ஏஜெண்ட்.
இருபத்தெட்டு வருஷம் இதே காக்கி என்று
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

"பூட்டை இன்னும் கொடூரமா அடிங்க சார்"
என்கிறான் உதவி இயக்குநர்.
யாரும் அப்படிப் பூட்டுவதில்லை தம்பி.
மாட்டுக் கொட்டிலைச் சாத்துகிற மாதிரி
ரேஷனில் பாமாயில் வந்திருக்குமா என்று
யோசித்துக்கொண்டே பூட்டுவோம்.
அது படத்தில் விழாது.

கதை சாத்தையா சாருடையது.
தடியடியே நடக்கவில்லை என்று அறிக்கை வந்த மறுநாள்
மறியல் கலைந்த சாலையில்
நாற்பத்தொரு செருப்பு கிடந்தது,
ஒன்றுக்கும் ஜோடி இல்லை என்று எழுதியவர்.
எண்ணியதற்குப் பதினோரு மாதம்.

நடிகன் நல்ல பையன். கண்ணுக்குக் கீழே மை தடவி
கம்பியை இறுக்கிப் பிடித்து நிற்கிறான்.
சார் கம்பியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.
சுவரோரம் உட்கார்ந்து
ஒரே சட்டைப் பொத்தானைக்
கழற்றிக் கழற்றிப் போடுவார்.

இன்றைய காட்சி:
நல்ல வார்டர் துண்டுச் சீட்டை வாங்கித்
தொப்பிக்குள் வைத்து
டீக்கடைக்காரரிடம் சேர்க்கிறான்.
சார் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம்,
"அந்தக் காவலர் சேர்த்திருப்பார்" என்று.

வாங்கியது நிஜம்.
தொப்பிக்குள் வைத்ததும் நிஜம்.
கேட் தாண்டியதும் பிரித்துப் படித்தேன்.
மூன்று பையன்களின் பெயர், ஊர்,
உயிரோடு இருப்பதாக வீட்டில் சொல்லவும்.
அவ்வளவுதான்.
பென்ஷனுக்கு நாலு வருஷம் இருந்தது.
பெரியவளுக்கு நாச்சியார்புரத்தில் பேசி முடித்திருந்தோம்.
வெந்நீர் அடுப்பில் போட்டேன்.
தண்ணீர் சுட்டதும் குளித்தேன்.

முதல் டேக்கில் லைட் போனது.
அடுத்ததில் மயில் கத்தியது.
பிறகு நான் கேமராவைப் பார்த்துவிட்டேன், இரண்டு தரம்.
பிறகு எதற்கென்று தெரியவில்லை,
ஒன்ஸ் மோர் என்றார்கள்.
ஆறு முறையும் சேர்த்துவிட்டேன்.
ஆறு முறையும் வெற்றுத்தாள்.

இடைவேளையில் கணக்கெழுதும் பெண்ணிடம் பேனா கேட்டேன்.
முத்துராக்கு, சூரக்குடி.
செபஸ்தியான், ஆறாவயல்.
மூன்றாவது பையனுக்குப் பள்ளத்தூர்.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்,
பெயர் வரவில்லை.
இடது காது மடங்கியிருக்கும், அது வருகிறது.

ஏழாவது டேக்.
டீக்கடைக்காரர் வேஷம் கட்டியவர்
சொல்லாமலே தாளைப் பிரித்தார்.
பிரித்தவர் மடிக்கவில்லை.
"கட்! அந்த முகம் அருமை!" என்று கை தட்டினார்கள்.
தட்டியை நகர்த்த ஆட்கள் வந்துவிட்டார்கள்.
அவர் மட்டும் தாளோடு என்னிடம் வந்தார்.

"அண்ணே, எனக்குப் பள்ளத்தூர்தான்.
இங்க ஊரை மட்டும் போட்டு விட்டிருக்கீங்களே,
யாரு வீட்டுப் பையன்?"