பதினோராவது குப்பி

காலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது
எல்லாக் குப்பிக்கும் ஒரே எடை.
ஜீப் ஓட்டும் வைகுண்டமணி கேட்பார்:
"இன்னைக்கும் வெள்ளம் கோரவா?"
எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.
சென்னையிலிருந்து வரும் படிவத்தில்
வெள்ளம் என்றே ஒரு கட்டம் உண்டு. அது வேறு.
முதல் மாதம் கைமறதியாய் "உண்டு" என்று எழுதிவிட்டேன்.
பேரிடர்ப் பிரிவிலிருந்து போன் வந்தது.

பூதப்பாண்டிக்கு மேலே பழையாறு
கணுக்காலைச் சுற்றிக்கொண்டு போகும்.
குப்பியின் வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடி,
ஒரு சாண் ஆழம்,
மூன்று தடவை அலசு,
கிருமிக் குப்பியை மட்டும் அலசாதே.
உதடு அசையாமல் சொல்லிக்கொள்வேன்.

பிறகு இரண்டு மருந்து, சொட்டுச் சொட்டாய்.
மூச்சுள்ள ஆறு பழுப்பாகும்,
கட்டன் சாயா போல.
மூச்சில்லாதது வெள்ளையாகவே நிற்கும்.
எது அழகு என்பதை
இந்த வேலைக்கு வந்தபின் மாற்றிக்கொண்டேன்.

ஒழுகினசேரிப் பாலத்தடியில் அது
கஞ்சித்தெளிவின் நிறம்.
மேலே லாரிகள். கீழே ஒரு கொக்கு,
என்னைப் போலவே
சேற்றில் கால் மாற்றிக் கால் மாற்றி.
மணம் என்ற கட்டத்துக்கு இரண்டே விடை:
ஏற்கத்தக்கது, ஏற்கத்தக்கதல்ல.
ஆகாயத்தாமரை அழுகல், ஓட்டல் எண்ணெய்,
யாரோ வீசிய பிச்சிப்பூ மாலை,
அத்தனையும் ஒரு சொல்லுக்குள் போகவேண்டும்.
போயிற்று.

பத்து வரை ஆறு. பதினொன்றிலிருந்து கிணறுகள்.

வடசேரியில், சாக்கடை வளையும் சந்தில்,
லீதியாள் வீட்டுக் கிணறு.
எட்டிப் பார்த்தால் முகம் தெரியும்,
முகத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மேகமும்.
வாளி ஏறி வந்ததும் எனக்கொரு டம்ளர்.
வெயிலில் வந்தவள் வெறும்வாயோடு போகக்கூடாதாம்.
விதிப்படி நான் குடிக்கக்கூடாது.
எப்படி மறுப்பதென்று விதியில் இல்லை.
குடித்தேன். இனிப்பு.

இரண்டாம் நாள் சாயங்காலம்
பதினோராவது குப்பி கறுத்தது.
எல்லாம் கறுத்திருந்தால் லேசாயிருக்கும்.
அடுத்த வீட்டு மீரான்கண்ணு கிணறு
தெளிவாய் நின்றது.

தாளோடு போனேன்.
லீதியாள் தாளைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள், மேலும் கீழும்,
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
"நீயும் குடிச்சியே பிள்ளே,
ஒனக்கு என்ன செய்திச்சு?"

ஒன்றும் செய்யவில்லை.
இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன்.
மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் தின்றேன்.
நூறு மில்லியில் எத்தனை என்று தெரியும்.
எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்று தெரியாது.
உள்ளே தொட்டிலில் ஏதோ சிணுங்கிற்று.
இருவருக்கும் கேட்டது.
இருவரும் அதைப் பேசவில்லை.
பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தை
கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுமாதம் பொட்டலம் வைத்த இடத்திலேயே,
மழையில் நனைந்து கல்லாகி.
டம்ளர் வந்தது.
விரல் சுட்டது.
அடியில் நாலு சீரகம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஊதி ஊதிக் குடித்தேன்,
பிறகு வாளியிலிருந்து பச்சை வெள்ளத்தைக்
குப்பியில் பிடித்தேன்.
அது மறுபடியும் கறுத்தது.

கடைசி நிறுத்தம் மணக்குடி. கடல் உள்ளே ஏறிய நாளில்
கருவி எண் காட்டாது,
ஒரு கோடு மட்டும் போடும்.
கோட்டையும் எழுதிக்கொள்வேன்.

பட்டியலில் இல்லாத கிணறு ஒன்றுண்டு,
இருளப்பபுரத்தில், என் வீட்டுப் பின்புறம்.
செப்டிக் டேங்குக்கும் அதற்கும் நடுவே
ஒரு முருங்கை மட்டும்.
பெட்டியின் மூலையில் பதினாறாவது குப்பி
மூடி திறக்காமல் போய்த் திறக்காமல் திரும்பும்.

"இது எப்பவும் காலியாத்தானே இருக்கு?"
என்பார் வைகுண்டமணி.

ஒன்று உடைந்தால் மாற்றுக்கு, என்பேன்.