தை மாதக் கணக்கெடுப்பு

மஞ்சூரில் தை பிறந்தால்
மீட்டர் பெட்டிக்குள்ளும் பனி குடியேறும்.
முந்தானையால் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான்
எண்கள் முகம் காட்டும்.

போஜன் வீட்டில் போன தடவை எண்பது.
இன்று நானூற்றுப் பத்து.
"மீட்டர் ஓடுதா, பறக்குதா?" என்றார்.
குளியலறைச் சுவரில் புது கெய்சர்,
நெற்றியில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு.
ராத்திரி அணைப்பீங்களா என்று கேட்டேன்.
"அழகா இருக்குன்னு விட்டுட்டோம்" என்றாள் ஹாலம்மா.
நானும் கொஞ்சம் அறிவுரை சொன்னேன்,
சம்பளத்தில் சேராத வேலை.

மேல் வளைவில் பங்களா.
ஆள் வந்து ஆறு வாரம்.
பூட்டிய வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் மட்டும்
தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.
உள்ளே என்ன இருக்கு?
காவலுக்கு இருக்கும் ஜோகி யோசித்துச் சொன்னார்:
"ஒரு பாட்டில் ஊறுகாய்."
வெளியே புல்லெல்லாம் வெள்ளை வெளேர்.
அவர் விரல்கள் நீலமாயிருந்தன.

தோட்ட லைனில் கணக்கு சீக்கிரம் முடியும்.
முப்பத்தெட்டு. இருபத்தாறு. நாற்பத்தொன்று.
இலவச நூறுக்குள் எல்லோரும்.
கட்டவேண்டிய தொகை பூஜ்யம் என்று
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
யோகராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
"சைபர்னா, நாங்க ஒண்ணுமே எரிக்கலைன்னு அர்த்தமா?"
அவளுக்குப் பின்னால்
ஈரச் சீகை விறகு
அடுப்பில் அழுதுகொண்டிருந்தது.
சிலிண்டர் மூலையில்,
பூப்போட்ட துணி போர்த்தி, விருந்தாளிகளுக்காக.
தகரத்தின் அடிப்பக்கம் மை.
கைக்குழந்தை இருமிற்று, இரண்டு முறை.
அதை ஏற்ற என் மெஷினில் கட்டமில்லை.

இறங்கும்போது அணை தெரிந்தது.
எங்கள் மழைதான் அங்கே குழாயில் விழுந்து
வெளிச்சமாகிச் சமவெளிக்குப் போகிறது.
திரும்பி ஏறி வரும் கரண்டில்
எது தண்ணீர், எது நிலக்கரி என்று
கம்பி சொல்லாது.
சொசைட்டி கேனில் ஊற்றிய பிறகு
எந்த மாட்டுப் பால் என்று
யார் பிரிப்பது?

என் வீட்டைக் கடைசிக்கு வைப்பது வழக்கம்.

சின்னவளுக்குப் பத்தாம் வகுப்பு.
விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவாள்.
மேசைக்கடியில் ஹீட்டர்,
இரண்டு கம்பியும் சிவக்கச் சிவக்க.
ஒன்று போதும் என்று நான் அணைப்பேன்,
நான் திரும்பியதும் சுவிட்ச் 'டக்' என்னும்.
கேட்காத மாதிரி
அரிசி களைவேன்.
நேற்று அவள் படித்தது கார்பன் பாடம்.
இதில் சிரிக்க எதுவுமில்லை,
இருந்தாலும் சிரித்தோம்.

முன்னூற்று எழுபத்திரண்டு.
காலையில் ஹாலம்மாவிடம் பேசிய வாய்
என்னுடையதுதான்.
எண்ணை அழுத்தினேன். மெஷின் மெல்ல
நாக்கு நீட்டுவதுபோல் சீட்டை நீட்டியது.

காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது.
தொகையைப் பார்க்காமல்
கொஞ்ச நேரம்
உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தேன்.