கணக்கு உதைக்கிறது

ஞானாபரணம் சார் ஓய்வுபெற
என் கையெழுத்தும் வேண்டும்.
ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார்.
தொரப்பாடி வெயில் அட்டையில் இன்னும் சுட்டது.

முப்பத்தோரு வருஷம்.
வாங்கிய பந்து இருநூற்றுப் பதினெட்டு.
கிழிந்தது, பிளாடர் போனது, நாய் கடித்தது,
ராணிப்பேட்டை மேட்சில் திரும்பி வராதது
எல்லாம் பச்சை மையில்.
கோப்பை இரண்டு.
ஒன்றுக்குக் காது இல்லை.

பதினேழு பந்து உதைக்குதே சார், என்றேன்.
மதிலுக்கு அந்தப் பக்கம், என்றார்.
அந்தப் பக்கம் ஜெயில்.

பெனால்டியை வானத்துக்கு அடிக்கிறவன்
ஒவ்வொரு செட்டிலும் ஒருத்தன் இருந்தான்.
இவர் திட்டியதில்லை.
விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு
மதிலைப் பார்த்து நிற்பார்.

சிலது திரும்பி வரும்,
வார்டர் சைக்கிள் கேரியரில்.
தொண்ணூற்றெட்டில் வந்த ஒன்றில்
விட்டுப்போன தையலை யாரோ
ஷூ நூலால் போட்டிருந்தார்கள்.
"ஆம்பூர்க் கை. முடிச்சு வெளியே தெரியாது."
அந்தப் பந்தோடுதான் அரையிறுதி ஆடினார்கள்.
நாலு கோல் வாங்கினார்கள்.
தையல் விடவில்லை.

அதற்கப்புறம் மதில் தாண்டியவை பதினான்கு.
பெரும்பாலும் புதுப் பந்து.
பெரும்பாலும் பையன்கள் வராத ஞாயிற்றுக்கிழமை.
தேதிகளை விரலால் தடவிப் பார்த்தேன்.
அவர் ஜன்னல் வழியே
யாரோ துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கி ஏதுமில்லை என்று எழுதிச் சீல் வைத்தேன்.

காற்றடிக்கும் பம்ப் ஒன்று
ஏட்டில் இருந்தது, பீரோவில் இல்லை.
திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேனே, என்றார்.
சரி சார், என்றேன்.

ஆறு திங்கள் போயிற்று.
நான் கேட்கப்போவதில்லை.